பொத்தானை அழுத்திய விரல்

ஷீஜாவின் பெயர் போன் திரையில் வந்தபோது பெமிலா ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிக் கொண்டிருந்தாள். மூன்று வருடமாக வராத பெயர். அந்த எண்ணை அவள் அழிக்காமல் வைத்திருந்தது பாசத்தினால் அல்ல. என்றைக்காவது ஷீஜா கூப்பிடுவாள், அன்றைக்கு எடுக்காமல் விட வேண்டும், அதற்காகத்தான். அப்படியே எடுக்காமல் விட்டாள். இரண்டாம் தரம் அடித்தபோதும் விட்டாள். மூன்றாம் தரம், அவ்வளவு அவசரமாக என்ன கேடு வந்தது என்று அறியும் ஆசை வென்றுவிட்டது.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் அவள் சர்வீஸ் கடை நடத்தி வந்தாள். கீழேயிருந்து ஏறி வரும் புளித்த வாடை கம்ப்யூட்டர்களின் மேல் படிந்து கிடக்கும். நாகர்கோவிலில் யாரும் வேலை தராததால் வந்து சேர்ந்த இடம் அது.

வடசேரியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஷீஜா மூச்சு வாங்கப் பேசினாள். கல்யாண வீடியோ வேலைக்கென்று புதிதாக ஒரு கம்ப்யூட்டர் செய்து வாங்கியிருக்கிறாள். நேற்றுக் கொண்டு வந்து வைத்தார்கள். பொத்தானை அமுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை. செய்து கொடுத்த ஆள் மதர்போர்டு செத்துப் போச்சு, கம்பெனிக்கு அனுப்பினால் மூன்று வாரம் ஆகும் என்கிறான். சனிக்கிழமை இரண்டு வீட்டுக்கு ஆல்பம் கொடுத்தாக வேண்டும்.

செய்து கொடுத்தது யார் என்று பெமிலா கேட்டாள். ஷீஜா முதலில் விலையைச் சொன்னாள், வாரன்டியைச் சொன்னாள். பிறகு, யூஜின் அண்ணன் என்று பதில் வந்தது.

"நீ வரமாட்டேன்னு தெரியும். இருந்தாலும் கேக்கேன். படமெல்லாம் கெடக்க எனக்க பழைய டிஸ்க் ரெண்டும் அதுக்குள்ளதான் இருக்கு."

வருகிறேன் என்று பெமிலா சொன்னாள். குரலில் எதையும் காட்டவில்லை. போனை வைத்ததும் லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டுப் பையை எடுத்தாள். தன்னைக் கிளப்பியது இரக்கம் அல்ல என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள் பெமிலாவும் ஷீஜாவும். படித்து முடித்ததும் ஷீஜா கேமராவைத் தூக்கினாள், பெமிலா திருப்புளியை. நாகர்கோவிலில் யூஜினின் கம்ப்யூட்டர் கடையில் பெமிலா ஏழு வருடம் வேலை பார்த்தாள். கடையில் எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும்.

மூன்று வருடத்துக்கு முன், வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சித்தி மகளின் நிச்சயத்துக்குப் போய்விட்டு, மத்தியானம்தான் அவள் கடைக்கு வந்தாள். ஷீஜாவின் கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளையைப் புதிதாக மாற்றுகிற வேலையை அதற்குள் யூஜினே முடித்திருந்தான். போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, எல்லாம் மாட்டியாச்சு, ஸ்விட்சைப் போடு என்று கையால் காட்டினான். அவள் பொத்தானை அழுத்தினாள். முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். உள்ளேயிருந்த இரண்டு டிஸ்கும் செத்துப் போயின. பதினொரு வீட்டுக் கல்யாணம் அவற்றில் இருந்தது. அதில் ஒரு பெண்ணின் அப்பா கல்யாணம் கழிந்து பதினைந்தாம் நாள் இறந்திருந்தார். கிறிஸ்தவக் கோவிலுக்குள் அவர் மகளின் கையைப் பிடித்து நடத்தி வந்த அந்தப் படத்தைக் கேட்டு அந்தப் பெண் ஷீஜாவின் ஸ்டூடியோ வாசலில் விழுந்து கிடந்து அழுதாள்.

பெமிலாதான் மாட்டினாள் என்று யூஜின் சொல்லிவிட்டான். மறுநாள் ஷீஜா நேராகக் கடைக்கு வந்தாள். சந்தைக்கு வந்தவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்த நட்டநடு மத்தியானத்தில், கடை வாசலில் வைத்து, பெமிலாவைக் கன்னத்தில் அறைந்தாள். நான் மாட்டவில்லை என்றாள் பெமிலா. ஸ்விட்சைப் போட்டது யார் என்று ஷீஜா கேட்டாள். நான்தான் என்று பெமிலா உண்மையைச் சொன்னாள். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை, மாவட்டத்துக் கம்ப்யூட்டர் வியாபாரிகளின் வாட்ஸாப் குழுவில் பெமிலாவின் படத்தைப் போட்டு, இவளை வேலைக்கு வைக்குமுன் யோசித்துக்கொள்ளுங்கள் என்று யூஜின் எழுதினான். மார்த்தாண்டம் முதல் கன்னியாகுமரி வரை அவள் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் அந்தப் படம் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. மன்னிக்கிற மனசு கிடைக்க வேண்டுமென்று அம்மா சத்தியபாய் தினமும் மகளுக்காக ஜெபித்தாள். பெமிலாவும் ஜெபித்தாள். அவள் கேட்டது வேறு.

அன்று பஸ்ஸில் வடசேரிக்குப் போனபோது அவள் பையில் எப்போதும் இருக்கும் சாமான்கள்தான் இருந்தன: திருப்புளிகள், மல்டிமீட்டர், டார்ச், ஒரு துண்டுக் கம்பி, சோதனைக்கென்று வைத்திருக்கும் பழைய டிஸ்க் இரண்டு. தக்கலை தாண்டும்வரை ஒரே எண்ணம்தான் ஓடியது. யூஜின் என்ன பிழை செய்திருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து, ஷீஜாவின் முகத்துக்கு நேரே வைக்க வேண்டும். அது போதும் என்று அப்போது நினைத்தாள்.

ஷீஜா மெலிந்திருந்தாள். வா என்றாள், கம்ப்யூட்டர் இருந்த மேஜையைக் காட்டினாள். பெமிலா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கேமராமேன் முருகதாஸ் மட்டும் பழைய பழக்கத்தில் சிரித்து, ஸ்டூல் எடுத்துப் போட்டார். மேஜைமேல் ஒரு பக்கம் கண்ணாடி வைத்த கறுப்புப் பெட்டி, கல்யாண மண்டபம் மாதிரி விளக்கெல்லாம் வைத்துச் செய்தது, உயிரில்லாமல் நின்றது.

பெமிலா முதலில் சுவர் பிளக்கைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள், பெட்டிக்குப் பின்னாலுள்ள ஸ்விட்சைப் பார்த்தாள். எல்லாம் சரி. பொத்தானை அமுக்கிவிட்டுக் காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்தாள். பவர் சப்ளைக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அது செத்துப் போகவில்லை. கரண்ட் கொடுக்கப் பார்த்து, எங்கேயோ ஷார்ட் ஆவதை உணர்ந்து, பயந்து நிறுத்திக்கொள்கிறது.

ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு ராம், டிஸ்குகளின் ஒயர். ஒவ்வொன்றுக்கும் பிறகு பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே டிக். பிறகு பவர் சப்ளையைத் தனியே பிரித்து, பெரிய கனெக்டரின் இரண்டு ஓட்டைகளைத் துண்டுக் கம்பியால் இணைத்தாள். அதன் விசிறி நன்றாகச் சுற்றியது. மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து இணைத்து, ஸ்விட்சுக்கான இரண்டு ஊசிகளைத் திருப்புளி நுனியால் தொட்டாள். விசிறி சுற்றியது. திரையில் எழுத்து வந்தது.

முருகதாஸ் எழுந்தே விட்டார். ஷீஜா வாயைப் பொத்திக்கொண்டாள். போர்டு சாகவே இல்லை.

மிச்சமிருப்பது வெறும் இரும்புப் பெட்டி. பெமிலா அதற்குள் டார்ச் அடித்தாள். போர்டு இரும்பில் படாமலிருக்க அடியில் பித்தளைத் தாங்கிகள் திருகியிருப்பார்கள். இந்தப் போர்டுக்கு ஒன்பது ஓட்டை. பெட்டியில் தாங்கி பத்து இருந்தது. பத்தாவது, ஓட்டை இல்லாத இடத்தில் நின்று, போர்டின் முதுகிலுள்ள ஈயப் பொட்டுகளைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. புதுசாகக் கம்ப்யூட்டர் செய்யப் படிக்கிறவர்கள் முதல் மாதம் செய்கிற பிழை. அதைக் கழற்றி ஷீஜாவின் உள்ளங்கையில் வைத்து, இதுதான் ஒனக்க யூஜின் அண்ணன் சொன்ன செத்த போர்டு என்றாள்.

வெளியே பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஒரு குடும்பம் வந்து கூப்பிட்டது. ஷீஜாவும் முருகதாஸும் போனார்கள். பெமிலா போர்டைத் திரும்பப் பூட்டினாள். டிஸ்குகளின் பவர் ஒயரைக் கையில் எடுத்தபோது விரல் நின்றது.

மற்ற ஒயர்களெல்லாம் பட்டையாக, நாடா மாதிரி இருந்தன. இது மட்டும் உருண்டையாக, நூல் பின்னி அழகாக இருந்தது. இந்தப் பவர் சப்ளையோடு வந்தது அல்ல. வேறு கம்பெனியின் ஒயர் அது. வாயெல்லாம் ஒன்றுபோலிருக்கும், கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உள்ளே ஓடும் கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவள் பவர் சப்ளையை மறுபடி தனியே ஓட்டி, அந்த ஒயரின் நுனியில் மீட்டரை வைத்தாள். ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் அந்த டிஸ்குகள் ஏன் கருகின என்பது அந்த நிமிடத்தில் அவளுக்கு முழுதாக விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. அந்தப் பத்தாவது தாங்கி மட்டும் கரண்டைத் தடுத்து நிறுத்தியிராவிட்டால், ஷீஜாவின் டிஸ்குகள் நேற்றே எரிந்து போயிருக்கும்.

எரியட்டும் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. தன்னைக் கூப்பிட்டது கம்ப்யூட்டரை ஓட வைக்க. ஓட வைத்தாயிற்று. ஒயரை இருந்தபடி மாட்டிவிட்டுப் பஸ் ஏறினால் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அந்த நினைப்பு நல்ல தாகத்தில் குடிக்கிற தண்ணீர்போல இருந்தது. அதை அவள் அவசரப்படாமல் குடித்தாள். ஆனால் எரிந்தால், மறுபடியும் பெமிலா கைவைத்ததால் எரிந்தது என்பார்கள். யூஜின் மறுபடியும் தப்பிப் போவான்.

அவள் ஷீஜாவின் இரண்டு டிஸ்குகளையும் கூண்டிலிருந்து உருவித் தன் பைக்குள் போட்டாள். தன் பழைய டிஸ்க் இரண்டையும் அந்த இடத்தில் செருகினாள். எல்லா டிஸ்குக்கும் ஒரே வெள்ளி முகம்தான். ஒயர்களை மேஜைமேல் பரத்தி வைத்தாள். பவர் சப்ளையின் அட்டைப்பெட்டியில் பிரிக்காமல் கிடந்த அதன் சொந்த டிஸ்க் ஒயர்ப் பொதியையும் எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி பக்கத்தில் வைத்தாள். சரியான ஒயரை எடுக்க அந்த ஒரு வாய்ப்பை யூஜினுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். அது நியாயத்துக்காக அல்ல. கண்ணெதிரே இருந்தும் எடுக்கவில்லை என்று நாளைக்குச் சொல்வதற்காக.

ஷீஜா உள்ளே வந்ததும், யூஜின் அண்ணனைக் கூப்பிடு என்றாள். டிஸ்க் ஒயரில் நான் கைவைக்க மாட்டேன், அண்ணனே வந்து மாட்டட்டும், முருகதாஸ் அண்ணன் முதலிலிருந்து கடைசிவரை கேமராவில் எடுக்கட்டும், போன தடவை யார் மாட்டினது என்று சண்டை வந்த மாதிரி வர வேண்டாம் என்றாள். ஷீஜா தலையைக் குனிந்துகொண்டு போன் செய்தாள்.

யூஜின் அரைமணி நேரத்தில் வந்தான். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு போன். பெமிலாவைக் கண்டதும் முகம் கறுத்தது. பித்தளைத் தாங்கியைக் காட்டியதும், அது கேபினெட்டோடு வந்ததாக்கும், கம்பெனிக்காரன் வைத்தது என்றான். கேமராவைப் பார்த்து, இதெல்லாம் எதற்கு என்றான். ஸ்டூடியோ பேஜில் போடத்தான் என்று முருகதாஸ் சாதாரணமாகச் சொன்னார். யூஜின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நான் ஒயர்ல தொடமாட்டேன் அண்ணே" என்றாள் பெமிலா. "நான் தொட்டா பெறவு பழி எனக்காக்கும். நீங்களே மாட்டி, நீங்களே ஸ்விட்ச போடுங்க."

"பதினெட்டு வருசமா இதுல கெடக்கேன். ஒரு ஒயர் மாட்ட ஒனக்க பாடம் எனக்கு வேண்டாம்."

அவன் மேஜையைப் பார்த்தான். பிரிக்காத பொதியைக் கையால் ஒதுக்கித் தள்ளினான். அந்தப் பின்னல் ஒயரை எடுத்து, இதுதான் நீளம், பார்வைக்கும் ஐசுவரியமாக இருக்கும் என்று கேமராவுக்குக் காட்டினான். ஒரு முனையைப் பவர் சப்ளையில் செருகினான். மறுமுனையை ஒரு டிஸ்கில் மாட்டினான், பிறகு அடுத்ததில். பெமிலா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றாள்.

யூஜின் பொத்தானை அழுத்தினான்.

விளக்கெல்லாம் ஒரு கணம் எரிந்தது. டிஸ்குகளிலிருந்து 'பட்' என்று ஒரு சத்தம். எல்லாம் அணைந்தது. கூண்டுக்குள்ளிருந்து மெல்லிய புகை எழுந்து கண்ணாடியில் படிந்தது. முடி கருகும் அந்த நாற்றம் அறை முழுக்க நிறைந்தது.

ஷீஜா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. தொண்டையிலிருந்து, அடிபட்ட மாட்டின் சத்தம்போல ஒன்று விட்டு விட்டு வந்தது. ஆறு வீட்டுக் கல்யாணம், சாமி, ஆறு வீடு என்றாள். பெமிலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். விநாடி முள் இரண்டு சுற்று வரும்வரை இவள் அழட்டும், பிறகு பையைத் திறக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். இரண்டு சுற்று வந்தது. கை பையின் பக்கம் போகவில்லை.

யூஜின் வெளிறிப் போயிருந்தான். பவர் சப்ளை கம்பெனிக் கோளாறு என்றான். பிறகு பெமிலாவை நோக்கி விரலை நீட்டி, இவள்தான் எதையோ செய்து வைத்திருக்கிறாள் என்றான்.

"ஒயர எடுத்தது ஒங்க கை அண்ணே. ஸ்விட்ச அமுக்குனதும் ஒங்க விரலு. எல்லாம் இதுல இருக்கு" என்றார் முருகதாஸ், கேமராவிலிருந்து கண்ணெடுக்காமல்.

பெமிலா பவர் சப்ளையைக் கழற்றித் தனியே ஓட்டினாள். பின்னல் ஒயரின் வாயில் மீட்டரை வைத்து, எண்ணை கேமராவுக்குக் காட்டினாள். பன்னிரண்டு. ஒதுக்கித் தள்ளிய பொதியைப் பிரித்து, சரியான ஒயரை மாட்டி, அதே இடத்தில் வைத்தாள். ஐந்து. என்ன நடந்தது என்பதை ஷீஜாவுக்குக் கேட்கும்படி, சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்னாள். பிறகு யூஜின் பக்கம் திரும்பினாள்.

"மூணு வருசத்துக்கு முன்னயும் இப்பிடித்தானா அண்ணே?"

அவன் பின்னல் ஒயரைக் கையில் எடுத்தான். சுருட்டிக்கொண்டே இருந்தான். சுருட்டிய பிறகு அதைப் பிரித்து மறுபடியும் சுருட்டினான்.

"தெரியாம செய்ததாக்கும்" என்றான் கடைசியில். "ஒரு வாரம் கழிஞ்சுதான் ஒயர் மாறிப்போன விசயம் தெரிஞ்சுது. அதுக்குள்ள எல்லாரிட்டயும் சொல்லியாச்சே."

தரையிலிருந்த ஷீஜா தலையை நிமிர்த்தினாள். பெமிலா அந்த முகத்தைத்தான் மூன்று வருடமாகக் காண நினைத்திருந்தாள். நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகுதான் பையைத் திறந்து, இரண்டு டிஸ்குகளையும் எடுத்து ஷீஜாவின் மடியில் வைத்தாள்.

ஷீஜாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து ஓடி, பழைய லேப்டாப்பில் ஒவ்வொன்றாக இணைத்தாள். எல்லாம் திறந்தது. ஒரு மணப்பெண் மாலையோடு சிரித்தாள். ஷீஜா அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, திரும்பினாள். கண்ணில் நன்றி இல்லை.

"நீ முன்னமே சொல்லியிருக்கலாம். நான் செத்துப் போனேன்டி."

"நீயும் அன்னைக்கு அடிக்கதுக்கு முன்ன ஒரு வாக்கு கேட்டிருக்கலாம்" என்றாள் பெமிலா.

யூஜின் நழுவப் பார்த்தான். முருகதாஸ் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றார். பெமிலா அவனுக்கு இரண்டு வழி சொன்னாள். எடுத்த வீடியோ அப்படியே ஸ்டூடியோ பேஜில் ஏறும். இல்லையென்றால், அவன் கேமரா முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லி, தன் கையாலேயே அந்த வியாபாரிகள் குழுவில் போட வேண்டும். குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று அவன் கெஞ்சினான். எனக்கும் ஒரு குடும்பம் இருந்தது, அம்மா ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போக வெட்கப்பட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள் என்று பெமிலா சொன்னாள்.

அவன் உட்கார்ந்தான். முதல் தடவை முனகினான். கேட்கவில்லை என்றாள் அவள். இரண்டாம் தடவை பெயரைச் சொல்லாமல், கடையில் வேலை பார்த்த ஒரு பெண் என்றான். அவளுக்குப் பெயர் உண்டு என்றாள். மூன்றாம் தடவை முழுதாகச் சொன்னான்: டிஸ்குகளை எரித்தது தன் கை, ஒயரை மாட்டியது தன் கை, தெரிந்த பிறகும் மறைத்தது தன் வாய், பெமிலாவின் பேரில் ஒரு பிழையும் இல்லை. வியர்வை வழிந்தது. முருகதாஸ் வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு விளக்கைப் போட்டு, நாலாம் தடவையும் எடுத்தார். அது தேவையே இல்லை. பெமிலா வேண்டாமென்று சொல்லவுமில்லை.

வீடியோவைக் குழுவில் போட்டுவிட்டு அவன் போனபின் அவள் சரியான ஒயரை மாட்டி, டிஸ்குகளைப் பூட்டி, ஷீஜாவையே பொத்தானை அழுத்தச் சொன்னாள். ஷீஜா கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். கம்ப்யூட்டர் ஓடியது. இருந்து சாப்பிட்டுப் போகச் சொன்னாள் ஷீஜா. பஸ் இருக்கிறது என்று பெமிலா பையைத் தூக்கினாள்.

அந்த வீடியோ குழுவை விட்டு வெளியே வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பஸ் அழகியமண்டபம் தாண்டுமுன் பெமிலாவுக்கு ஏழெட்டுப் பேர் அழைத்தார்கள். அன்று கதவைச் சாத்திய கடைக்காரர்கள், நாங்கள் அப்போதே சந்தேகப்பட்டோம் என்றார்கள். இரண்டு பேர் வேலைக்கு வரச் சொன்னார்கள். எந்தத் தேதியில் என்ன சொல்லித் தன்னைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதை ஒவ்வொருவருக்கும் நினைவுபடுத்திவிட்டு போனை வைத்தாள். அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை.

யூஜினின் கடையை விட்டு, வாடிக்கையாக இருந்த இரண்டு பள்ளிக்கூடங்களும் ஒரு கல்லூரியும் போயின. கார்த்திகை மாதத்துக்குள் அவன் கம்ப்யூட்டர் கடையின் பெயர்ப்பலகையை இறக்கிவிட்டு, போன் உறையும் சார்ஜரும் விற்கத் தொடங்கினான் என்று கேள்வி. அவன் மனைவி ஒருநாள் பெமிலாவைக் கூப்பிட்டு, இப்போது திருப்தியா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் பெமிலா. அது உண்மைதான். மன்னிப்புக்காக ஜெபிப்பதை சத்தியபாய் நிறுத்தவில்லை, ஆனால் கோவிலில் மூன்றாம் பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

மழை பிடித்த ஒரு மத்தியானம் ஷீஜா குலசேகரத்துக்கு வந்தாள். ரிப்பேருக்கு ஒன்றும் கொண்டு வரவில்லை. நனைந்த குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு நின்றாள். அப்பாவை இழந்த அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், டிஸ்க் எரிந்தது யாரால் என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். அவள் கேட்டுவிட்டு, படம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டாளாம். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்ததாம்.

பெமிலா திருப்புளியைக் கீழே வைக்கவில்லை.

"அன்னைக்கு நீ என்னைய அழவிட்டதை நான் மறக்கமாட்டேன்" என்றாள் ஷீஜா.

"மறக்காண்டாம்."

"நான் அடிச்சத நீ மன்னிச்சியா?"

"இல்ல."

ஷீஜா தலையாட்டினாள். போகவில்லை. வந்தவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெமிலா குனிந்து, பாதி திறந்த ஒரு லேப்டாப்பின் திருகுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். திரை உள்ள மேல்மூடி சரிந்து சரிந்து விழுந்தது. ஒற்றைக் கையால் அதைப் பிடித்துக்கொண்டு வேலை ஓடவில்லை.

"அந்த மூடிய கொஞ்சம் தூக்கிப் பிடி" என்றாள், நிமிராமலே.

ஷீஜா எழுந்து வந்து பிடித்தாள்.